சத்தம் அடங்கிய டேப்பெட்

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 வைத்திருப்பவர்கள் டேப்பெட் சத்தம் (வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் எழும் 'டக் டக்') கேட்டால் பதறுகிறார்கள். எனக்கென்னவோ, எப்போதும் கேட்கும் சத்தம் தானாக அடங்கினால்தான் பயம். வால்வும், அது மூடும்போது உட்காரும் வளையமான சீட்டும் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் (எஞ்சினின் தலைப்பகுதிக்குள்) இன்னும் மேலே போய் உட்காரும், அதன் தண்டு அதை அழுத்தித் திறக்கும் ராக்கரை அந்த அளவுக்கு நெருங்கும், இடைவெளி குறையும், கடைசியில் வால்வு முழுசாக மூடாமல் நின்றுவிடும். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் கொஞ்ச நேரத்தில், சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறக்குகிறது. அந்தத் தொடுப்பு போனால் ஓரம் கருகி அரித்துவிடும்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பிஸ்டனை இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, வலப்பக்க டேப்பெட் மூடியைக் கழற்றி, ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுற்றவே மறுத்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டு வண்டியில் எக்ஸாஸ்ட் ராடு இப்படித்தான் இறுகியிருந்தது. சரிசெய்த பிறகும் கிக்கரில் பழைய கனம் வரவில்லை. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீட்டர் வைத்து கம்ப்ரஷன் பார்த்தோம், முள் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து முள் ஏறியிருக்கும், ஆக வால்வுதான். அப்புறம் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கியர் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து (இல்லையென்றால் காற்று பிஸ்டனைத் தள்ளி வண்டி குதிக்கும்) பிளக் ஓட்டையில் காற்று ஏற்றினோம். கார்புரேட்டரில் 'புஸ்' என்றால் பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட். எங்களுக்குச் சைலன்சரில் கேட்டது.

ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் சீட்டில் ஒரு கரித்துணுக்கு அப்பியிருந்தது, அதன் அருகில் வால்வு பதிந்து உட்கார்ந்ததைக் காட்டும் சாம்பல் நிற வளையம் ஓரிடத்தில் விட்டுப் போயிருந்தது. இன்லெட் வால்வின் முதுகைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. வருஷக்கணக்காகத் தேய்க்காத தோசைக்கல் ஓரம் போல, கறுப்பாக, பிசுபிசுவென்று. பெட்ரோல் பிசின் மட்டும் இவ்வளவு சேராது. வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடு தேய்ந்து, த்ராட்டிலை மூடும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடம் மேலிருந்து ஆயிலை உறிஞ்சி அங்கே சுட்டிருக்கிறது. மலைப்பாதையில் த்ராட்டிலை மூடி இறங்கி, கீழே வந்து திருகியதும் ஒரு மூட்டை நீலப்புகை வந்ததே, அதற்கும் இதுதான் காரணம். ரிங் புகை அப்படியில்லை, ஏற்றத்தில் இழுக்கும்போதும் விடாமல் வரும்.

வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டினோம், கையிலேயே ஆட்டம் தெரிந்தது. கைடு ஆடும்போது அரைக்கும் பேஸ்ட் போட்டு வால்வை சீட்டில் உரசுவதில் பலனில்லை, வால்வு ஒரே இடத்தில் உட்காராது. முதலில் கைடு மாற்றி, சீட் வெட்டி, அதன் பிறகே உரசினோம். பேஸ்ட் ஒரு துளி மிஞ்சினாலும் புதுக் கைடைத் தின்றுவிடும் என்பதால் மண்ணெண்ணெயில் இரண்டு முறை கழுவினோம். பிறகு வால்வுகளையும் ஸ்பிரிங்கையும் மாட்டி, வால்வுக்குப் போகும் வழியான போர்ட்டின் வாய் மேலே வரும்படி ஹெட்டைச் சாய்த்து வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு போர்ட்டிலும் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். வால்வு ஓரம் காய்ந்தே இருந்தது.