மேட்டை அழித்தால் துளை என்ன ஆகும்?

100 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன் உள்ள ஓர் எஃகுத் தட்டு. அதன் நடுவில் 30 மி.மீ. விட்டத்தில், 20 மி.மீ. உயரத்துக்கு ஓர் உருளை மேடு. டிசைன் செய்பவர்கள் பாஸ் என்பார்கள். மேட்டின் தலையிலிருந்து தட்டின் அடிவரை 12 மி.மீ. துளை. மேடும் தட்டும் சேரும் மூலையில் 3 மி.மீ. ஆரத்தில் ஒரு வளைவு, அதாவது ஃபில்லெட். கணினியில் பாகங்களை வரைய உதவும் கேட் மென்பொருள் எதிலும் சில நிமிடங்களில் வரைந்துவிடலாம்.

இப்போது மேடு வேண்டாம், துளை மட்டும் போதும் என்கிறார்கள். மேட்டைத் தேர்ந்தெடுத்து டிலீட் அழுத்துகிறோம். ஒரு சின்னப் பெட்டி எழுந்து ஏதோ பட்டியல் காட்டிக் கேட்கிறது. வழக்கம்போலப் படிக்காமல் சரி என்கிறோம். மேடு போகிறது, ஃபில்லெட் போகிறது, கூடவே துளையும் போகிறது. தட்டு வழவழவென்று மூடிக்கிடக்கிறது. துளையை அழிக்கச் சொன்னது யார்?

சொல்லப்போனால் நாம்தான். 1980-களின் இறுதியில் பிடிசி நிறுவனம் கொண்டுவந்த ப்ரோ/இன்ஜினியர், 1995-இல் விண்டோஸ் கணினிக்கு வந்த சாலிட்வொர்க்ஸ் ஆகியவை பரப்பிய முறையில், பாகத்தின் வடிவம் என்பது கணக்கிட்டு வரும் விடை மட்டுமே. அசல் சரக்கு திரையின் இடப்பக்கம் இருக்கும் ஃபீச்சர் ட்ரீ. ஸ்கெட்ச் வரை, 8 மி.மீ. தள்ளு, அதன்மேல் வட்டம் போடு, 20 மி.மீ. தள்ளு, துளை போடு, மூலையை வளை என்று வேலைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கொதித்த சாம்பாரிலிருந்து புளியை எடுக்க முடியாது. ஆனால் சமையல் குறிப்பில் புளி வரியை அடித்துவிட்டு மறுபடி சமைக்கலாம். டிலீட் செய்வது அந்த இரண்டாவது வேலை. ஒரு வரி போகிறது. அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் மறுபடி ஓடுகின்றன. இதைத்தான் ரீபில்ட் என்கிறார்கள்.

ஓடும்போது ஒவ்வொரு வரியும் தனக்கு மேலே இருப்பதில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கும். ஃபில்லெட்டுக்கு ஒரு விளிம்பு வேண்டும். மேடு போனால் விளிம்பு இல்லை, ஃபில்லெட் போவது நியாயம். துளை கதை வேறு. அதன் வட்டத்தை மேட்டின் தலைப்பரப்பில் வரைந்திருந்தோம், மையத்தை மேட்டின் வட்ட விளிம்போடு பொருத்தியிருந்தோம். வரைந்தபோது அது கைக்கு எட்டிய வசதி. மென்பொருளோ அதை வாரிசு உறவாகவே பதிவு செய்துகொண்டது. மேடு பேரண்ட், துளை சைல்ட். அந்தப் பெட்டி காட்டிய பட்டியல் இந்தப் பிள்ளைகளின் பட்டியல்தான்.

துளையைக் காப்பாற்ற, அழிக்கும் முன்பே அதை வேறு வீட்டுக்குக் குடிமாற்ற வேண்டும். ஸ்கெட்ச் நிற்கும் தளத்தை மேட்டின் தலையிலிருந்து தட்டின் மேல்பரப்புக்கு மாற்றலாம். மையத்துக்கு இருந்த பொருத்தத்தை எடுத்துவிட்டு, தட்டின் ஓரங்களிலிருந்து 50, 30 என்று அளவு கொடுக்கலாம். அப்புறம் மேட்டை அழித்தால் துளை அசையாது. அவசரமாக அழித்துவிட்டு, பிள்ளைகளை மட்டும் விட்டுவை என்று சொல்லவும் சில மென்பொருள்களில் வழி உண்டு. அப்போது துளை பிழைக் குறியோடு அந்தரத்தில் நிற்கும். அதைப் பிறகு உட்கார வைத்துச் சரி செய்ய வேண்டும். இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாம் என்பவர்கள் முதலிலேயே முக்கிய ஸ்கெட்ச்களை அடிப்படைத் தளங்களில் வரைவார்கள், ஃபில்லெட்டுகளைக் கடைசியில் போடுவார்கள். நல்ல பழக்கம். சந்தேகமாக இருந்தால் டிலீட்டுக்குப் பதில் சப்ரஸ் செய்து பார்க்கலாம்: வரி ட்ரீயில் இருக்கும், ரீபில்ட் மட்டும் அதைத் தாண்டிப் போகும்.

சிவப்புக் குறி வந்தால்கூடப் பரவாயில்லை, கண்ணில் படும். எனக்குப் பயம் சத்தம் போடாமல் மாறுபவற்றின் மேல்தான். ஓர் உருளையை 'அடுத்து வரும் பரப்புவரை' தள்ளச் சொல்லியிருக்கிறோம் என்று வையுங்கள். நடுவே இருந்த ரிப்பை, அதாவது வலுவுக்கு வைத்த குறுக்குத் தகட்டை, யாரோ அழித்தால், உருளை அதற்குப் பின்னால் இருக்கும் சுவர்வரை நீண்டுவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, சொன்னபடிதானே செய்தது! இலவச கேட் மென்பொருளான ஃப்ரீகேடின் பழைய பதிப்புகளில் இன்னொரு கூத்து. விளிம்புகளுக்கு விளிம்பு 7, விளிம்பு 8 என்று எண்தான் பெயர். மேலே ஒரு துளையை அழித்தால் எண்கள் மாறும். ஏழாம் விளிம்பில் இருந்த ஃபில்லெட் சம்பந்தமே இல்லாத வேறொரு மூலையில் போய் உட்காரும். விளிம்பை எண்ணால் அழைக்காமல், எந்த ஸ்கெட்ச்சின் எந்தக் கோட்டிலிருந்து பிறந்த பரப்புகளுக்கு நடுவே அது இருக்கிறது என்று வம்சாவளியால் அழைப்பதுதான் தீர்வு. 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைத்தது.

இப்படிச் சத்தமில்லாமல் மாறுவதைப் பிடிக்க எளிய வழி, அழிப்பதற்கு முன்னும் பின்னும் மென்பொருள் கணக்கிட்டுக் காட்டும் எடையைப் பார்ப்பது. நம் மேட்டின் எடை, அதற்குள் இருக்கும் துளையைக் கழித்தால், சுமார் 93 கிராம் (ஃபில்லெட்டின் ஒன்றரை கிராமை விட்டுவிடுவோம்). மேடு மட்டும் போனால் அவ்வளவு குறைய வேண்டும். துளையும் போயிருந்தால் தட்டுக்குள் 7 கிராம் எஃகு திரும்ப நிரம்பியிருக்கும். 86 கிராம்தான் குறையும். அந்த 7 கிராம் வித்தியாசம் துளை மூடிக்கொண்டதைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, ட்ரீயே இல்லாவிட்டால்? வேறொரு நிறுவனம் ஸ்டெப் கோப்பாக (மென்பொருள்களுக்கு இடையே மாடலைக் கைமாற்றும் பொதுவான கோப்பு வகை) அனுப்பிய பாகத்தில் பெரும்பாலும் பரப்புகளும் விளிம்புகளும் மட்டுமே இருக்கும், வரலாறு இருக்காது. அங்கே பயன்படுவது டிலீட் ஃபேஸ். தேர்ந்தெடுத்த பரப்புகளை மென்பொருள் பிய்த்து எடுக்கிறது. திடப்பொருளின் தோலில் ஓட்டை விழுகிறது. பிறகு சுற்றியுள்ள பரப்புகளை நீட்டியோ சுருக்கியோ, அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் தைத்து மூடுகிறது.

ஒரு செவ்வகப் பெட்டியின் ஒரே ஒரு விளிம்பில் ஃபில்லெட் இருந்தால் 10 முனைகள், 15 விளிம்புகள், 7 பரப்புகள். அந்த வளைந்த பரப்பை எடுத்தால் பக்கத்துத் தளங்கள் இரண்டும் நீண்டு ஒரு நேர்கோட்டில் சந்திக்கும். 8, 12, 6 என்று பழைய பெட்டி திரும்பும். முனைகளில் விளிம்புகளைக் கழித்துப் பரப்புகளைக் கூட்டினால் இரண்டிலும் விடை 2. கணித மேதை ஆய்லர் சொன்ன கணக்கு. அதே பெட்டியின் ஒரு பக்கச் சுவரை எடுக்கச் சொல்லுங்கள், மென்பொருள் கைவிரிக்கும். மிச்சமிருக்கும் சுவர்கள் எதிரெதிரே இணையாக ஓடுகின்றன, எவ்வளவு நீட்டினாலும் வாய் மூடாது.

நம் தட்டின் ஸ்டெப் கோப்பில் மேட்டின் தலை, பக்கம், ஃபில்லெட் ஆகிய 3 பரப்புகளையும் இப்படி எடுத்தால் என்ன ஆகும்? தட்டின் மேல்தளம் உள்நோக்கி நீளும், துளையின் சுவர் கீழே சுருங்கும், இரண்டும் 12 மி.மீ. வட்டத்தில் சந்திக்கும். துளை பிழைத்துக்கொள்கிறது! மேட்டின்மேல் வரைந்த துளை என்ற ஞாபகமே இந்தக் கோப்புக்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், ட்ரீ உள்ள மென்பொருளில் டிலீட் ஃபேஸ் செய்தால் அந்த நீக்கமே ட்ரீயில் புது வரியாகச் சேரும். அந்த வரியை அழித்தால் மேடு திரும்ப முளைக்கும்.

கணினியிலேயே நடக்கும் வலிமைச் சோதனைக்கு மாடலை அனுப்பும்போது இந்த நீக்கங்கள் மொத்தமாக நடக்கும். அங்கே பாகத்தை வலைபோலச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். சின்னச் சின்ன வளைவுகளுக்கெல்லாம் நுண்ணிய வலை பின்ன வேண்டும், கணினி திணறும். வெளி விளிம்பு ஃபில்லெட்டுகளையும் பொறித்த எழுத்துகளையும் தாராளமாக எடுக்கலாம். சுமை தாங்கும் உள்மூலையில் கைவைப்பது வேறு விஷயம். மேட்டின் அடியில் உள்ள அந்த 3 மி.மீ. ஃபில்லெட்டை எடுத்தால் மூலை கூர்மையாகும். வலையை நுணுக்க நுணுக்க அங்கே காட்டும் அழுத்தம் ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். அதை விட்டுவைத்து, அந்த இடத்துக்கு மட்டும் நுண்ணிய வலை பின்னுவதுதான் வழக்கம்.