எழுதாத டைப்பைக் கம்பைலர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் இப்படி ஒரு ஃபங்ஷன் (ஒன்றை வாங்கி ஒன்றைத் தரும் நிரல்துண்டு):

இருமுறை செ ப = செ (செ ப)

ப-வை செ-யிடம் கொடு, வந்ததைத் திரும்பவும் செ-யிடமே கொடு. அவ்வளவுதான். ப எண்ணா ஸ்ட்ரிங்கா (எழுத்துகளின் வரிசை), செ எதை வாங்கி எதைத் தரும் என்று, அதாவது அவற்றின் டைப் என்ன என்று, நாம் ஒரு வார்த்தை எழுதவில்லை. நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அதுவாகவே கண்டுபிடித்துவிடுகிறது.

பள்ளிக்கூட அல்ஜீப்ராதான். தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ப-வின் டைப் அ என்று வைத்துக்கொள்கிறது. செ ஏதோ ஆ-வை வாங்கி ஏதோ இ-யைத் தருகிறது: ஆ → இ. இனி நிரலைப் பார்க்கலாம். உள் அடைப்பில் ப, செ-க்குள் போகிறது. அப்படியானால் அ = ஆ. அதிலிருந்து வந்த இ மறுபடி செ-க்குள்ளேயே போகிறது. அப்போ இ = ஆ. மூன்று எழுத்தும் ஒன்றாகிவிட்டன! செ-யின் டைப் அ → அ, விடையும் அ. அந்த அ இன்னதுதான் என்று நிரலில் எங்குமே கட்டாயம் இல்லாததால் அது எந்த டைப்பாகவும் இருக்கலாம். இரட்டிப்பாக்கும் ஃபங்ஷனையும் 5-ஐயும் கொடுத்தால் 20 வரும். ஸ்ட்ரிங்குக்கும் இதே ஃபங்ஷன் போதும்.

இப்படிச் சமன்பாடுகளைப் பொருத்துவதற்கு யூனிஃபிகேஷன் என்று பெயர். தேற்றங்களைக் கணினி நிறுவுவதற்காக ஆலன் ராபின்சன் 1965-ல் தந்த வழி. டைப் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தலாம் என்று 1969-ல் ரோஜர் ஹிண்ட்லி காட்டினார். எடின்பரோவில் ராபின் மில்னர் தனியாகவே அங்கு வந்துசேர்ந்து, 1978-ல் எம்எல் என்ற நிரல்மொழியை வைத்து எழுதினார்.

சரி, 'ப ப' என்று எழுதினால்? ப தன்னையே வாங்க வேண்டும், ஆக அ = அ → ஆ. அ-வைப் பிரித்தால் உள்ளே இன்னொரு அ, அதற்குள் இன்னொன்று. ஒரு பக்கம் தனியாக நிற்கும் எழுத்து மறுபக்கத்தில் பெரிய டைப்புக்குள்ளும் நிற்பதைப் பார்த்ததும் கம்பைலர் மறுத்துவிடும்.

எரிச்சல் வருவது பிழைச் செய்திகளில். 12-ஆம் வரியில் நாம் செய்த தப்புக்கு 40-ஆம் வரியைத் திட்டும். இரண்டு சமன்பாடுகள் முட்டுகின்றன என்பதுதான் அதற்குத் தெரியும், குற்றவாளி எது என்று தெரியாது. அதனால் தேவையில்லாத இடத்திலும் ஃபங்ஷனின் தலையில் டைப்பை எழுதிவிடுவது என் வழக்கம்.

ரஸ்ட் மொழியில் அது விதியே. ஃபங்ஷனுக்கு உள்ளே மட்டும்தான் ஊகம். காலி வெக்டர் (பட்டியல்) ஒன்றை உருவாக்கும்போது அதில் என்ன வரும் என்று கேட்காது. நாலு வரி தள்ளி ஒரு ஸ்ட்ரிங்கைப் போட்டால், பின்னால் போய் நிரப்பிக்கொள்ளும். கடைசிவரை எந்தத் துப்பும் கிடைக்காவிட்டால்தான் டைப்பை எழுதச் சொல்லி நின்றுவிடும்.