ஓவன் கதவு முழுசா மூட மாட்டேங்குதா? இடைவெளி எந்தப் பக்கம்னு பாருங்க

ஓவன் கதவு சரியா மூடலன்னா நிறைய பேர் முதல்ல பண்றது கையால அழுத்திப் பிடிக்கிறது, இல்லன்னா ஒரு துணியை மடிச்சு சொருகி வைக்கிறது. துணி வேண்டவே வேண்டாங்க, தீப்பிடிச்சுக்கும். அதுக்குப் பதிலா ஓவன் நல்லா ஆறின பிறகு கதவை மூடிட்டு எதிர்ல குனிஞ்சு உக்காந்து இடைவெளி எங்க இருக்குன்னு பாருங்க. மேல அகலம் முழுக்க விலகி நிக்குதா, ஒரு மூலை மட்டும் தூக்கிட்டு இருக்கா, கீழ்ப்பக்கம் விலகி இருக்கா, இல்ல கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாம ஆவி மட்டும் வருதா. ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற வேற, அதனால எதையும் கழட்டுறதுக்கு முன்னாடியே பாதி விஷயம் இதுலயே தெரிஞ்சுடும்.

சின்ன இடைவெளி தானேன்னு விடவும் முடியாது. உள்ள 200 டிகிரி, கிச்சன்ல 30 டிகிரின்னு வெச்சுக்கலாம். வெளிய இருக்கிற காத்து ஒரு கன மீட்டருக்கு 1,160 கிராம் கிட்ட இருக்கும், உள்ள இருக்கிறது விரிஞ்சு போய் 750 கிராம் தான் இருக்கும். லேசான காத்து மேல ஏறி மேல் இடைவெளி வழியா வெளிய ஓடும், அந்த இடத்துக்குக் கீழ இருந்து சூடில்லாத வெளிக்காத்து உள்ள நுழையும், இது நிக்காம நடந்துட்டே இருக்கும். 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு 3 மில்லிமீட்டர் விலகி இருந்தா தோராயமா 100 வாட் சூடு இப்படியே போயிடும்னு கணக்கு வருது. கரண்ட் பில்லுக்கு அது பெருசில்ல, ஆனா சமையலுக்குப் பெருசு. சூடு குறையக் குறைய, சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஆன் ஆஃப் பண்ற தெர்மோஸ்டாட் அதை அடிக்கடி ஆன் பண்ணும், மேல் ராடு அதிக நேரம் செவந்து எரியும், அதோட கதிர் நேரா கேக் தலையில விழும், அதனால மேல கருகிடும், நடுவுல குத்திப் பார்த்தா மாவு ஒட்டும். பிரெட்டுக்கு இன்னும் மோசம், ஏன்னா முதல் கொஞ்ச நேரம் மேல்தோல் ஈரமா இருந்தா தான் உப்பும், ஆவி வெளிய போயிட்டா தோல் சீக்கிரம் காஞ்சு இறுகி பிரெட் எழும்பாமலே நின்னுடும். ரெசிபியை மாத்தி மாத்திப் பார்க்கிறவங்க பல பேருக்கு பிரச்சனை கதவுல தான் இருக்கும்னு நான் உறுதியா நம்புறேன்.

சரி, கீழ்ப்பக்கமா திறக்கிற கதவை எது மூடி வைக்குது? நிறைய பேர் கதவோட எடைன்னு நினைக்கிறாங்க. கதவு படுத்திருக்கும்போது எடை அதை நல்லா கீழ இழுக்கும், நிமிர நிமிர அந்த இழுப்பு குறைஞ்சுட்டே வந்து செங்குத்தா நிக்கும்போது கிட்டத்தட்ட இல்லாமலே போயிடும். அதனால கடைசி ரெண்டு இஞ்சுல கதவை உள்ள இழுத்து ஒட்ட வைக்கிறது ஸ்பிரிங் மட்டும் தான். கீல் கை ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினதும் ஸ்பிரிங் இழுக்கிற கோடு உள்பக்கமா விழுற மாதிரி அமைச்சிருப்பாங்க, நல்ல ஓவன்ல கதவு மூடுற கடைசி கட்டத்துக்கு வந்ததும் தானா டப்னு போய் ஒட்டுறது இதனால தான். அந்த டப் சத்தம் போச்சுன்னா, மேல அகலம் முழுக்க சமமா விலகி நின்னா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்ல கொக்கியில இருந்து நழுவியிருக்கும்.

ஆனா ஸ்பிரிங் மேல பழி போடுறதுக்கு முன்னாடி வழியில ஏதாவது தடுக்குதான்னு பார்த்துடுங்க. ஓடிஜியில, அதாவது மேடை மேல வைக்கிற சின்ன ஓவன்ல, பல மாடல்கள்ல கதவுக்கும் கம்பித் தட்டுக்கும் ஒரு கொக்கி இருக்கும், கதவைத் திறந்தா தட்டு கொஞ்சம் முன்னாடி வரும். கழுவிட்டு தட்டைத் தலைகீழா மாட்டிட்டா அது கதவை முட்டிட்டு நிக்கும். கீழ் ராடுக்கு அடியில போற துகள் தட்டும் அப்படித்தான். தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க ஸ்பிரிங் போச்சுன்னு சர்வீஸுக்கே எடுத்துட்டுப் போக இருந்தாங்க, பார்த்தா அந்தத் தட்டு அரை விரல் அளவு வெளிய நின்னுச்சு, முன் விளிம்பு கதவோட அடியில முட்டுது, உள்ள தள்ளினதும் சரியாப் போச்சு. அப்புறம் கதவு உக்கார்ற கீழ் விளிம்புல விரலை ஓட்டிப் பாருங்க, வழிஞ்ச சீஸும் சர்க்கரைப் பாகும் கருகி கல்லு மாதிரி இறுகி இருக்கும், அந்த ஒரு கட்டி போதும் கதவைத் தள்ளி நிறுத்த. சோடா மாவைத் தண்ணியில குழைச்சுப் பூசி ராத்திரி விட்டு, பிளாஸ்டிக் கரண்டியால சுரண்டினா வந்துடும்.

ஒரு மூலை மட்டும் விலகி இருந்தா அந்தப் பக்கத்துக் கீல் தான். திறந்த கதவு மேல கனமான பாத்திரத்தை இறக்கி வைக்கிற பழக்கம் இருக்கே, அது தான் கீலை வளைக்கிறது, கதவோட முனையில வைக்கிற எடை நீளமான நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு கீல் மேல பல மடங்கா இறங்கும். வளைஞ்ச கீலைத் தட்டி நிமிர்த்தாதீங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துறது தான் சரி, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா இழுப்பு சமமா இருக்காது.

கீழ விலகி இருந்தா, கதவைக் கழட்டித் துடைச்சுட்டுத் திரும்ப மாட்டும்போது கீல் கை அதோட பள்ளத்துல முழுசா உக்காரலைன்னு அர்த்தம். கிச்சன் அலமாரிக்குள்ள பொருத்துற பெரிய பில்ட் இன் ஓவன்ல கீல்ல ஒரு சின்ன பூட்டு இருக்கும், கதவைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதைக் கட்டாயம் போடணும், போடாம எடுத்தா ஸ்பிரிங் கீலைப் படார்னு மூடிடும், நடுவுல விரல் இருந்தா விரல் நசுங்கும். கண்ணாடிகளைக் கழட்டியிருந்தா பழைய வரிசையிலயே, பழைய பக்கமே மாட்டுங்க. பல ஓவன்ல உள்கண்ணாடியில சூட்டைத் திருப்பி அனுப்புற மெல்லிய பூச்சு இருக்கும், பக்கம் மாறினா வெளிக்கண்ணாடி அதிகமா சுடும்.

இடைவெளி தெரியல, ஆனா ஆவி வருதுன்னா கதவு ஒட்டுற இடத்தைச் சுத்தி இருக்கிற கேஸ்கெட்டைப் பாருங்க. குக்கர் கேஸ்கெட் மாதிரி இது பிரஷரைத் தாங்க வேண்டியதில்ல, காத்து ஓட்டத்தைத் தடுத்தா போதும், அதனால மெத்துன்னு இருக்கும். சிலதுல சிலிக்கான், சிலதுல கண்ணாடி இழையில பின்னின கயிறு, பின்னாடி சின்ன கம்பிக் கொக்கிகள் ஓட்டைகள்ல மாட்டியிருக்கும். ஒரு கொக்கி வெளிய வந்தாலே அந்த இடம் தொங்கி கதவுல மடங்கிக்கும். ஒரு தாளை வெச்சு கதவை மூடி மெதுவா இழுங்க, சுத்தி ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சமாவது பிடிக்கணும், லூசா வர்ற இடத்துல தான் லீக். இழைக் கயிறை சோப்புத் தண்ணியில ஊறப் போட்டுத் தேய்க்காதீங்க, நைஞ்சு போயிடும். கேஸ்கெட் போச்சுன்னா அதே மாடலுக்கான ஸ்பேர் வாங்கி மாட்டுங்க, பாத்ரூமுக்குப் பூசுற சீலண்ட் எல்லாம் சாப்பாடு வேகுற இடத்துக்கு ஆகாது.

சில பேர் லீக் இல்லாததையும் லீக்னு நினைச்சு டேப் ஒட்டிடறாங்க, அதையும் சொல்லிடறேன். பல பில்ட் இன் ஓவன்ல கேஸ்கெட் மூணு பக்கம் தான் இருக்கும், கீழ இல்லாதது டிசைனே அப்படித்தான். கதவுக்கு மேல சூடான காத்து வர்றது உள்ள இருக்கிற கூலிங் ஃபேன் ஊதுறது, ஓவனை அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் ஓடும், அந்த வழியை அடைச்சா எலக்ட்ரானிக் போர்டு வெந்துடும். ஓடிஜி பலதுல கேஸ்கெட்டே கிடையாது, தகரமும் தகரமும் தான், அதுல தாள் சோதனை பண்ணிப் பயப்படாதீங்க, நூல் அளவு இடைவெளி சமமா இருந்தா போதும்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் சூட்டுல வேகுற ஓவனுக்கு. மைக்ரோவேவ் கதவு முழுக்க வேற கதை. அதுல வெளிய வரக்கூடாதது 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை, அலைநீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம், கதவு விளிம்புல அதுல கால் பங்கு ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெச்சு அலையை அதுலயே திருப்பி அடக்கிடுவாங்க. கதவு கொஞ்சம் கோணினாலும் அந்த அளவு கெட்டுடும். கதவு கொக்கிகள் உள்ள இருக்கிற சுவிட்சுகளை அழுத்தினா தான் ஓடவே ஓடும், அந்த சுவிட்சை ஷார்ட் பண்ணி ஓட வைக்கலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. மூடியை நீங்களா கழட்டவும் கூடாது, பிளக்கை எடுத்த பிறகும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல ஆளைக் கொல்ற அளவு வோல்டேஜ் தங்கியிருக்கலாம். கொக்கியில ஒட்டியிருக்கிற அழுக்கை ஈரத்துணியால துடைங்க, அதுக்கும் சரியா மூடலன்னா பிளக்கைப் பிடுங்கி வெச்சுட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.