‘க்ளிக்’ சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுங்கள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு, நீண்ட விடுமுறை முடிந்த வாரங்களில் ஒரே மாதிரிக் கோளாறோடு கார்கள் வரும். பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், காருக்குள் லேசாகப் பெட்ரோல் வாடை வரும், சில நாளில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கும் எரிய ஆரம்பிக்கும். பேட்டரி, ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது, கடைசியாக எங்கே, எப்படிப் பெட்ரோல் போட்டீர்கள் என்பதைத்தான்.

பெரும்பாலும் பதில், எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜொகூர். இங்கிருந்து காரில் போகும்போது டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருந்தாக வேண்டும். 1989இல் பாதி டேங்க் என்று வந்த விதி, 1991இல் முக்கால் ஆனது. மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அந்தப் பயத்தில் போகும்போதே கழுத்து வரை நிரப்புகிறார்கள். திரும்பும்போது, வந்ததுதான் வந்தோம், ஜொகூரில் விலை குறைவு, இன்னும் கொஞ்சம் போடலாம் என்று, நாசில் (டேங்க் வாயில் சொருகும் பம்பின் குழாய்முனை) தானாக நின்ற பிறகும் விசையை அழுத்தி அழுத்தி ஊற்றுகிறார்கள். சிங்கப்பூரில் பெரும்பாலும் நிலைய ஊழியரே போட்டுவிடுவதால், நாசிலைக் கையில் பிடிப்பதே பலருக்கு அங்கே போனால்தான்.

நாசில் ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தப் பழக்கம் போய்விடும். அதன் முனையில், கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெட்ரோல் பாயும்போது அது வழியாகக் காற்று இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மட்டம் உயர்ந்து அந்த ஓட்டையை மூடியதும் காற்று தடைப்படும், உள்ளே இருக்கும் விசை ‘க்ளிக்’ என்று விழும். அதாவது டேங்க் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் இருக்கும் இடம் காலியாக இருப்பதற்காகவே விடப்பட்டது. நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் நம் ஊர் வெயிலில் விரிவடையும், ஆவியாகும். அந்த ஆவி வெளியே போகாமல், கேனிஸ்டர் என்கிற கரித்துகள் நிரப்பிய டப்பாவில் தங்கும், வண்டி ஓடும்போது இன்ஜின் அதை இழுத்து எரித்துக்கொள்ளும். நீங்கள் க்ளிக்குக்குப் பிறகு ஊற்றும் பெட்ரோல் திரவமாகவே அந்த டப்பாவுக்குள் போய்க் கரியை ஊறவைத்துவிடும். காய்ந்து சரியானால் அதிர்ஷ்டம். கரி நொறுங்கி, ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வுக்குள் போய்விட்டால் டப்பா, வால்வு இரண்டையும் மாற்ற வேண்டும், நூற்றுக்கணக்கில் வெள்ளி செலவாகும். மிச்சம் பிடிக்க நினைத்த இரண்டு வெள்ளிக்காக இதெல்லாம் வேண்டாம்.

இன்னொரு பழக்கம் இதைவிட எனக்குக் கவலை தருகிறது. நாசிலைப் பூட்டிவிட்டு, வெயிலாக இருக்கிறது என்று மறுபடி காருக்குள் போய் உட்காருவது. குளிரூட்டிய காருக்குள் காற்று வறண்டிருக்கும். இருக்கைத் துணியில் உரசி இறங்கும்போது உடம்பில் நிலைமின்சாரம் சேரும், அதே கையால் நாசிலைத் தொட்டால் ஒரு பொறி போதும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவியை விடும் பொருள், நம் ஊர்ச் சூட்டில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, டேங்க் வாயைச் சுற்றியும் தரையோரமும் தேங்கும். அதனால் இன்ஜினை அணைத்து இறங்கியதும் கார்க் கதவின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு அப்புறம் நாசிலைத் தொடுங்கள், போட்டு முடிக்கும்வரை வெளியிலேயே நில்லுங்கள். கைத்தொலைபேசியைப் பைக்குள் வையுங்கள், கவனம் சிதறாது. தப்பித் தவறி தீப்பிடித்தால் நாசிலை உருவாதீர்கள். உருவினால் எரிகிற பெட்ரோல் வெளியே கொட்டும். பிள்ளைகள் உள்ளே இருந்தால் உடனே இறக்கிக்கொண்டு விலகி ஓடி, பம்பை நிறுத்தச் சொல்லி ஊழியரைக் கூப்பிடுங்கள்.

டீசல் வேன், லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பெட்ரோல் நாசில் மெலிதானது, டீசல் வண்டியின் வாயில் சுலபமாக நுழைந்துவிடும். நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். மாற்றிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது, திருப்பினாலே பல வண்டிகளில் எரிபொருள் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். தள்ளி ஓரங்கட்டி, இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள்.

எப்படியும் வெளியில்தான் நிற்கப்போகிறீர்கள், அந்த நேரத்தில் டயரைப் பாருங்கள். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் அதிகபட்சம் 90 கிலோமீட்டர், மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110. ஆள் நிறைய ஏற்றி, பின்னால் பெட்டிகளை அடுக்கி, காற்று குறைந்த டயரில் அந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் பல கார்களில் இரண்டு அளவு போட்டிருக்கும், ஒன்று சாதாரண நாளுக்கு, மற்றது முழுச் சுமைக்கு. இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. காற்றை டயர் ஆறியிருக்கும்போதே அளக்க வேண்டும், அதாவது வீட்டுப் பக்கத்து நிலையத்தில், கிளம்பும் முன். சட்டப்படி டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும், ஆனால் டிசம்பர் மழையில் ஓட்டுபவர்களுக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்கிறேன். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தும் வயதாகிப் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயர்கள், வார இறுதியில் மட்டும் எடுக்கும் கார்களில் நிறையப் பார்க்கிறேன்.

இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்டை வீட்டிலேயே, இன்ஜின் ஆறியிருக்கும்போது, பாருங்கள். ஒரு தம்பி ஜொகூரின் மச்சாப் ஓய்விடத்துக்கு முன்னால் சாலையோரத்திலிருந்து கூப்பிட்டார், “அண்ணே, சூடு முள் மேலே ஏறிடுச்சு, மூடியைத் திறந்து தண்ணி ஊத்தட்டுமா?” திறக்காதே என்று கத்தினேன். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர், மூடியைத் திருகியதும் முகத்துக்கு நேராகப் பீறிடும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுத் திறந்து, படம் எடுத்து அனுப்பினார். தேநீர் நிறத்தில் துருத்தண்ணீர். கூலன்ட் குறையக் குறையக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார், ரேடியேட்டர் உள்ளே அரித்து ஓட்டை விழுந்திருந்தது. மட்டம் அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது, ஊற்றி மூடாமல் காட்டுங்கள்.

நிலப் போக்குவரத்து ஆணையச் சோதனையில் தேறிவிட்டதே என்பார்கள். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தச் சோதனை, பிரேக்கும் புகையும் டயரும் அன்றைக்கு எப்படி இருந்தன என்றுதான் சொல்லும். அடுத்த மாதம் தேய்ந்துபோகும் பிரேக் பேடுக்கு அது பொறுப்பில்லை. பேட்டரியும் இந்த வெக்கையில் இரண்டு மூன்று ஆண்டுதான் தாங்குகிறது, ஸ்டார்ட் இழுக்க ஆரம்பித்தாலே சோதித்துவிடுங்கள்.

தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ மலேசியா போகிறவர்கள், முதல் நாள் மாலை காரைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். கசிவைக் கண்டுபிடித்தாலும் பாகம் கிடைக்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஒரு வாரம் முன்னதாக வாருங்கள்.