சட்டைப் பொத்தான் போட முடியாத கை

தொழிலாளர்களைப் பரிசோதிக்கும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காலையில சட்டைப் பொத்தான் போடச் சிரமமா இருக்கா?" பல வருடங்களாகக் கல்லில் டிரில் போடும் ஒருவர், இதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "பெரிய பொண்ணுதான் போட்டுவிடுது சார்" என்றார். வலி இல்லை, அதனால் அதை நோயாகவே அவர் நினைக்கவில்லை. கண்ணை மூடச் சொல்லி, விரல்களுக்கு நடுவே ஒரு நாணயத்தை வைத்தேன். தடவித் தடவிப் பார்த்தார். என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

டிரில், இரும்பு, கல்லைத் தேய்க்கும் கிரைண்டர், மரம் அறுக்கும் செயின்சா இவற்றின் அதிர்வு விரல்களின் சின்ன ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. முதலில் வேலை முடிந்தபின் விரல் மரத்துப்போகும், சுறுசுறுவென்று இருக்கும். அப்புறம் குளிர் பட்டால் விரல் நுனி வெள்ளைவெளேரென்று ஆகும். சூடு திரும்பும்போது சிவந்து குத்தும். 1918-லேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளர்களிடம் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் இதை ஆராய்ந்திருக்கிறார். இன்றும் இதை வயதின் மேல் பழிபோட்டுத்தான் பலர் என்னிடம் வருகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். அதிர்வு வேலையை விட்டால் விரல் வெளுப்பது குறைய வாய்ப்புண்டு. உணர்ச்சி நன்றாகப் போய்விட்டால் பெரும்பாலும் திரும்பாது.

இப்படி அதிரும் கருவியை ஒரு நாளில் எவ்வளவு நேரம் கையில் பிடிக்கலாம்? 2002-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, 8 மணி நேர வேலைநாளின் சராசரி அதிர்வு 5 மீட்டர்/வினாடி² (அதிர்வின் வலிமையை அளக்கும் அலகு) அளவைத் தாண்டவே கூடாது என்கிறது. அதில் பாதி, 2.5-ஐத் தொட்டாலே முதலாளி நடவடிக்கையில் இறங்க வேண்டும். அதிர்வு இரண்டு மடங்கானால் நேரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். 10 அளவில் அதிரும் கருவியை 2 மணி நேரம் பிடித்தாலே அன்றைய உச்ச வரம்பு முடிந்தது.

கையுறை போட்டிருக்கிறேனே என்பார்கள். அது கையைச் சூடாக வைக்கும், நல்லதுதான். ஆனால் அதிர்வை நிறுத்திவிடும் என்று நம்ப வேண்டாம். முனை மழுங்கிப்போன டிரில் பிட்டை மாற்றுவது, கருவியை இறுக்கிப் பிடிக்காமல் இருப்பது, ஆள் மாற்றி ஆள் வேலை செய்வது இவைதான் அதைவிடப் பலன் தரும். புகைப்பது விரலுக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும்.

டிராக்டர், டம்பர் ஓட்டுபவர்களுக்கு அதிர்வு இருக்கை வழியாக ஏறி இடுப்பைப் பிடிக்கும். அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். விரல் வெளுக்கும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்து சேர்வதற்குள் நிறம் திரும்பிவிடுகிறது. எந்தக் கருவி, தினம் எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.