நெருப்பு இல்லாவிட்டால் எண்ணெய் இல்லை

பினாங்கில் பிறந்து வளர்ந்தவருக்கு, வீட்டைச் சூடாக்க ஒரு இயந்திரம் வேண்டும் என்பதே விசித்திரமாக இருக்கும். நமக்கு வேண்டியதெல்லாம் காத்தாடியும் ஏர்கோனும்தான். ஆனால் நம் பிள்ளைகள் போய்ப் படிக்கிற ஊர்கள் அப்படி இல்லை. ஜார்ஜ்டவுனில் இருக்கும் ஆர்.சி.எஸ்.ஐ.-யு.சி.டி. மருத்துவக் கல்லூரியில் சேருகிறவர்களில் பலர் படிப்பின் முதல் பாதியை டப்ளினில் முடித்துவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள். அயர்லாந்தில், அதுவும் நகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் வீடுகளில், எண்ணெய் எரிக்கும் ஹீட்டர் சர்வ சாதாரணம். பக்கத்திலுள்ள வட அயர்லாந்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் எண்ணெயில்தான் சூடாகின்றன. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் அட்லாண்டிக் கரையோரத்திலும் இதே கதைதான்: வீட்டுக்கு அடியிலோ பின்பக்கமோ ஒரு உலை, கொஞ்சம் தள்ளி ஆயிரம் லிட்டர் கொள்ளும் ஒரு எண்ணெய்த் தொட்டி.

அந்த உலை ராத்திரி மூன்று மணிக்கு, வீட்டில் எல்லாரும் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, தானாகப் பற்றிக்கொண்டு தானாக அணைகிறது. குளிர்காலத்தில் ஒரே ராத்திரியில் பல தடவை. கர்னி டிரைவில் கடற்காற்று வேகமாக வீசி ஒரு கடைக்காரரின் கேஸ் அடுப்பு அணைந்தால் அவர் முன்னாலேயே நிற்கிறார், பார்க்கிறார், கேஸை மூடிவிட்டு மறுபடி பற்றவைக்கிறார். ஆளே இல்லாத அறையில் தீ அணைந்ததைப் பார்ப்பது யார், எண்ணெயை மூடுவது யார்?

முதலில் எண்ணெய் எப்படி எரிகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. எண்ணெய் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை, அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. அதனால் பர்னர் செய்யும் முதல் வேலை எண்ணெயைப் பொடிப்பொடியாகச் சிதறடிப்பது. ஒரு சின்ன பம்ப், எண்ணெயைச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் (கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் மூன்று மடங்கு) நாசிலுக்குத் தள்ளுகிறது. நாசிலின் துளை மிக மிகச் சிறியது, அதன் வழியாகச் சுழன்றுகொண்டு வெளியே வரும் எண்ணெய் கண்ணுக்குப் புகை மாதிரித் தெரியும் அளவுக்கு நுண்ணிய துளிகளாகிவிடும். பம்பைச் சுற்றும் அதே மோட்டார் ஒரு விசிறியையும் சுற்றிக் காற்றை ஊதுகிறது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே 10,000 வோல்ட், சிலவற்றில் அதற்கும் மேல், பொறியாகப் பறக்கிறது. எண்ணெய், காற்று, பொறி மூன்றும் சேர்ந்தால் ஒரு நொடியில் தீ.

சேராவிட்டால்? மின்முனையில் கரி படிந்திருக்கலாம், நாசில் அடைத்திருக்கலாம், தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீர் குழாய்க்குள் வந்திருக்கலாம். மோட்டாருக்கு இது எதுவும் தெரியாது, அது பாட்டுக்குச் சுற்றும், பம்ப் பாட்டுக்கு எண்ணெயைத் தள்ளும். அமெரிக்க வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒரு நாசில் மணிக்கு 0.85 கேலன், அதாவது ஏறக்குறைய 3.2 லிட்டர் எண்ணெயை விடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், தீயே இல்லாமல் 45 வினாடி ஓடினால் சுமார் 40 மில்லிலிட்டர் எண்ணெய் உலையின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. 40 மில்லிலிட்டர் பெரிதில்லை. பத்து நிமிடம் ஓடினால் அரை லிட்டரைத் தாண்டிவிடும், அது பெரிய விஷயம். உலைக்குள் இருக்கும் சூடான செங்கல் மேல் அந்த எண்ணெய் வெள்ளை ஆவியாக எழுந்து உலையின் வயிறு முழுக்க நிறைந்து நிற்கும்போது கடைசியில் ஒரு பொறி சரியாகப் பட்டுவிட்டால், மொத்தமும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். உலையின் கதவு பிய்ந்துகொள்ளலாம், புகைக்குழாய் கழன்று விழலாம், கரி வீடு முழுக்கச் சுவர், துணி, சோறு என்று எல்லாவற்றின் மேலும் படியும். பற்றாமல் போனதைவிட, தாமதமாகப் பற்றுவதுதான் அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு அதிக பயம்.

இதைத் தடுக்க முதலில் வந்த வழி வெப்பத்தை நம்பியது. புகைக்குழாயின் உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சுருளை வைத்தார்கள். இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் சூடு பட்டால் சுருள் முறுக்கிக்கொள்ளும், முறுக்கிக்கொண்டால் தீ இருக்கிறது என்று அர்த்தம். நல்ல யோசனைதான், ஆனால் புகைக்குழாய் சூடாவதற்கு நேரம் பிடிக்கும், அதுவரை எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் வெப்பத்தை விட்டுவிட்டு வெளிச்சத்துக்குப் போனார்கள். வெளிச்சம் காத்திருக்க வைப்பதில்லை.

வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் பொருள்கள் உண்டு என்பது 1873-இலேயே தெரிந்த விஷயம். வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேய மின்பொறியாளர் கடலடித் தந்திக் கேபிள்களைச் சோதிக்கச் செலினியம் கம்பிகளைப் பயன்படுத்தியபோது, வெளிச்சத்தில் ஒரு அளவும் இருட்டில் வேறு அளவும் காட்டுவதைக் கவனித்துச் சொன்னார். அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால்தான் மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு அப்படி ஒரு கடலடிக் கேபிள் போடப்பட்டது. அந்தக் காலத்துக் கேபிள் வேலையிலிருந்துதான் இந்த அறிவே பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

உலையில் இருப்பது செலினியம் இல்லை, கேட்மியம் சல்பைடு. ஐந்து காசு நாணயத்தைவிடச் சின்னதாக, கண்ணாடிக்குள் வளைந்து வளைந்து போகும் கோடு போட்ட ஒரு வில்லை, பர்னரின் காற்றுக்குழாய்க்குள் தீயைப் பார்த்தபடி பொருத்தப்பட்டிருக்கும். உலையின் கண் இதுதான். இருட்டில் அதன் தடை ஒரு லட்சம் ஓமுக்கும் மேல். நல்ல தீ தெரிந்தால் 1,600 ஓமுக்குக் கீழே விழுந்துவிடும், பெரும்பாலும் சில நூறு ஓம்தான். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால், பர்னரை ஓட்டி நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சந்தேகமே வராது. வீட்டின் சூட்டைக் கவனிக்கும் தெர்மோஸ்டேட் சூடு கேட்டதும் பெட்டி மோட்டாரையும் பொறியையும் இயக்கிவிட்டு நேரத்தை எண்ண ஆரம்பிக்கும். குறித்த நேரத்துக்குள் தீ தெரியாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பூட்டிக்கொள்ளும். பழைய அமெரிக்கப் பெட்டிகளில் அந்த நேரம் 45 வினாடி, புதியவற்றில் 15 வினாடி, ஐரோப்பாவில் வீட்டுப் பர்னர்களுக்குப் பத்து வினாடிக்கு மேல் அனுமதியே கிடையாது. இப்படிப் பூட்டிக்கொள்வதைத்தான் லாக்அவுட் என்கிறார்கள்.

பழைய பெட்டிகளில் அந்த நேரத்தை எண்ணியது கடிகாரம் இல்லை. ஒரு குட்டிக் கம்பிச்சுருள் சூடாகி, பக்கத்திலிருக்கும் இரட்டை உலோகத் தகட்டை மெல்ல வளைக்கும், வளைந்து முடிந்தால் சுவிட்ச் விடுபட்டுவிடும். கண் தீயைப் பார்த்துவிட்டால் மின்சாரம் அந்தச் சுருளைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடும், தகடு வளையாது. சிப்பும் இல்லை, நிரலும் இல்லை, ஆனால் பல வருடம் பிசகாமல் வேலை செய்தது.

இந்த ஏற்பாட்டில் என்னை அசர வைப்பது வேறு ஒன்று. பெட்டி ஆபத்தைத் தேடுவதில்லை, தீ இருக்கிறது என்ற சாட்சியைத்தான் தேடுகிறது. கண்ணின் கம்பி அறுந்துபோனால்? தடை எல்லையில்லாமல் ஏறும், பெட்டிக்கு அது இருட்டு, நிறுத்திவிடும். கண் மேல் கரி படிந்தால்? அதுவும் இருட்டுதான், நிறுத்திவிடும். எது கெட்டாலும் எண்ணெய் நிற்கும் பக்கமே சாயும்படி கட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு கோளாறு மட்டும் எதிர்ப்பக்கம் சாயும்: கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டால் தடை குறைந்து, இல்லாத தீ இருப்பதாகத் தெரியும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பர்னரை ஓட்டுவதற்கு முன்னாலேயே பெட்டி ஒரு தடவை பார்க்கும், தீ எரியக்கூடாத அந்த நேரத்தில் வெளிச்சம் தெரிந்தால் ஓட்டவே மறுத்துவிடும்.

இனி, பெட்டியில் இருக்கும் சிவப்புப் பொத்தான். லாக்அவுட் ஆன உலையை மறுபடி ஓட்ட அதை அமுக்க வேண்டும், வம்பெல்லாம் இதில்தான். இங்கே வாட்டர் ஹீட்டர் போட்டதும் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? காரணம் பார்க்காமல் திரும்பத் திரும்ப மேலே தள்ளிப் பார்க்கிறோம். அதே பழக்கத்தோடு எண்ணெய் உலையிடம் போனால் இன்னும் மோசம், ஏனென்றால் பழைய 45 வினாடிப் பெட்டியில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் 40 மில்லிலிட்டர் எண்ணெய் உள்ளே இறங்குகிறது, பத்துத் தடவை அமுக்கினால் 400. பாதுகாப்புக் கருவி ஒவ்வொரு தடவையும் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும், ஆனாலும் உலை நிறைய எண்ணெய் நிற்கும். இதனால்தான் புதிய பெட்டிகள் வரிசையாக மூன்று தடவை தோற்றால் சாதாரண அமுக்கலுக்கு மசிவதில்லை, மெக்கானிக் வந்துதான் விடுவிக்க வேண்டும்.

டப்ளினுக்கு வெளியே ஒரு வீட்டில் தங்கிப் படித்த என் அக்கா மகள் ஒரு ஜனவரியில் போன் செய்தாள். "மாமா, ஹீட்டர் நின்னு போச்சு, சிவப்பு லைட் எரியுது, அமுக்கவா?"

"ஒரு தடவை அமுக்கும்மா, அதுக்கு மேல வேணாம். முதல்ல தொட்டியில எண்ணெய் இருக்கான்னு பாரு."

தொட்டி காலி. எண்ணெய் லாரி வந்து நிரப்பின பிறகும் அது ஓடவில்லை, ஏனென்றால் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. பம்பில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும், வீட்டுக்காரர் ஆளைக் கூப்பிட்டுச் செய்தார். எண்ணெய் தீர்ந்துபோவதுதான் லாக்அவுட்டுக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று, அதனால் கை பொத்தானுக்குப் போவதற்கு முன்னால் கண் தொட்டிக்குப் போக வேண்டும். அது நிறைந்திருந்தும் ஒரு அமுக்கலில் பற்றவில்லையென்றால் போர்வையைப் போர்த்திக்கொண்டு மெக்கானிக்குக்குப் போன் செய்வதே சரி.

கண் மட்டும் போதாது என்பதால் வேறு காவல்களும் உண்டு. காற்றைச் சூடாக்கும் உலையில் வெப்பம் எல்லை மீறினால் பர்னரை மட்டும் நிறுத்தி விசிறியை ஓடவிடும் சுவிட்ச் ஒன்று, நீராவி பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கினால் பர்னரை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று. எண்ணெய்க் குழாயில் ஒரு வால்வு, அதன் உள்ளே 74 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் ஒரு உலோகத் துண்டு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். அறையில் தீப்பிடித்தால் துண்டு உருகும், ஸ்பிரிங் விடுபடும், தொட்டியிலிருந்து வரும் எண்ணெய் நின்றுவிடும். மின்சாரமே வேண்டாத காவல் இது. அப்புறம், உலை வீட்டுக்கு அடியில் இருந்தால், அங்கே இறங்கும் படிக்கட்டின் உச்சியில், சிவப்புத் தகட்டோடு ஒரு சாதாரண சுவிட்ச், கீழே இறங்காமலேயே உலையை நிறுத்துவதற்கு. அங்கே குடியேறுகிறவர்கள் முதல் நாளே அது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவை எதுவும் பார்க்காத ஒன்று கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. காற்று போதாமல் மஞ்சளாகப் புகைந்து எரியும் தீயும் வெளிச்சமாகத்தான் இருக்கும், கண் அதையும் நல்ல தீ என்றே எடுத்துக்கொள்ளும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, அதற்குத் தனி அலாரம் வேண்டும், படுக்கையறைப் பக்கம் வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

நம் ஊர் சமையலறைக்கு வந்தால், அதே தத்துவம் வேறு வேஷத்தில் இருக்கிறது. மேசைக் கல்லில் பதிக்கும் புது மாடல் கேஸ் அடுப்புகளில், பர்னர் ஓரத்தில் தீயைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரு உலோக முனையைப் பார்க்கலாம். அது தெர்மோகப்புள். வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்தைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும், 1821-இல் தாமஸ் சீபெக் கண்டறிந்த விளைவு இது. பிறப்பது சில பத்து மில்லிவோல்ட்தான், ஆனால் ஒரு குட்டி மின்காந்தம் வால்வைத் திறந்து பிடித்துக்கொள்ள அது போதும். தீ அணைந்தால் முனை ஆறும், காந்தம் விடும், ஸ்பிரிங் கேஸை மூடும். பற்றவைக்கும்போது குமிழைச் சில நொடி அமுக்கிப் பிடிக்கச் சொல்வது, முனை சூடாகி அந்த மின்சாரம் பிறக்க அவகாசம் கொடுப்பதற்குத்தான். பேட்டரியும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம், தீ தனக்கான கேஸைத் தானே திறந்துவைத்துக்கொள்கிறது.

மேசை மேல் வைக்கும் மலிவான அடுப்புகள் பலவற்றிலும், கடைகளில் இரையும் ஹை பிரஷர் அடுப்புகளிலும் இது கிடையாது. 14 கிலோ கேஸ் தோம்பில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும், இரண்டும் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போய்க் கலையாமல் தரையோடு படிந்து தங்கும். ரசம் பொங்கி வழிந்து தீயை அணைத்ததைக் கவனிக்காமல் யாராவது கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தால், அந்த அடுப்பில் கேஸை மூட யாருமே இல்லை. வயதான அம்மா தனியாகச் சமைக்கும் வீட்டில் அடுப்பு மாற்றுவதாக இருந்தால் விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்த முனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே இருக்கிறவர்கள் அது வேலை செய்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. ஒரு பர்னரைப் பற்றவைத்து இரண்டு நிமிடம் எரியவிடுங்கள், பிறகு குமிழைத் திருப்பி மூடிவிட்டு, சமையலறைக் காத்தாடியை நிறுத்திக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். முனை ஆறியதும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள், அடுப்புக்குள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அது காந்தம் வால்வை விடும் சத்தம். கேட்காவிட்டால் இன்னொரு தடவை செய்து பாருங்கள், அப்போதும் கேட்காவிட்டால் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவரைக் கூப்பிட்டு அந்த வால்வைக் காட்டுங்கள். ஒவ்வொரு பர்னருக்கும் தனி முனை, தனி வால்வு, அதனால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.