30 டிகிரி, 30-லேயே நிற்க ஒரு பிளாஸ்டிக் கூடு

பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முதுகு எக்ஸ்ரே என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுப் பகுதியில் முதுகெலும்பு வலப்பக்கமாக 30 டிகிரி வளைந்திருக்கிறது. இப்படிப் பக்கவாட்டில் வளைவதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளைவு கூடாமல் இருக்க உடம்பில் மாட்டும் பிளாஸ்டிக் கூடான பிரேஸ் தயாராகி வந்ததும், அதை மாட்டியபடியே இன்னொரு படம் எடுக்கிறார்கள்: 15 டிகிரி. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மூன்று வருஷம் கழித்து பிரேஸை ஒரேயடியாக விட்டபின் எடுக்கும் படத்தில் வளைவு மறுபடி 30-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. "இத்தனை நாள் போட்டும் நேராகலையே டாக்டர்?" என்று அம்மா கேட்பார். டாக்டரோ சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் எலும்பு வளரும் விதத்தில் இருக்கிறது.

முதலில் இந்த டிகிரி எதைக் குறிக்கிறது? வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் இரண்டு முள்ளெலும்புகளின் விளிம்பில் கோடு இழுத்து, அவற்றுக்கு இடையிலான கோணத்தை அளக்கிறார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948-இல் வகுத்த முறை இது. 10 டிகிரியைத் தொட்டால் ஸ்கோலியோசிஸ். வளரும் வயதில் 25-ஐத் தாண்டினால் பிரேஸ், 50-ஐ நெருங்கினால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. அளப்பதிலேயே 5 டிகிரி வரை முன்பின்னாக வரும். அதனால் 28, 31 ஆனதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிரேஸ் என்பது அக்குளிலிருந்து இடுப்பு வரை உடம்பைக் கவ்வும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு. ஒரு குச்சியை நிமிர்த்த நாம் என்ன செய்வோம்? இரு முனையையும் பிடித்துக்கொண்டு, வளைந்த நடுப்பகுதியைக் கட்டைவிரலால் எதிர்ப்பக்கம் தள்ளுவோம். பிரேஸும் அதையேதான் செய்கிறது. ஆனால் முதுகெலும்பை நேரடியாகத் தொட முடியாது. எனவே விலா எலும்புகள் வழியாகத் தள்ள வேண்டும். வளைவு புடைத்த பக்கத்தில் உள்ளே ஒரு திண்டு, எதிர்ப்பக்கத்தில் மேலேயும் கீழேயும் பிடிமானம். தள்ளப்பட்ட உடம்பு நகர்ந்துபோக எதிர்ப்பக்கத்தில் ஒரு காலி இடமும் வேண்டும். அது இல்லாவிட்டால் வெறும் இறுக்கம்தான் மிஞ்சும். ஸ்கோலியோசிஸில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். திண்டைச் சற்றே பின்பக்கம் தள்ளி வைத்து, அந்த முறுக்கையும் பிரிக்கப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் மாட்டியிருக்கும்வரை கிடைக்கும் பலன். நிலைக்கும் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. அதிக அழுத்தம் விழும் பக்கத்தில், எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு மெதுவாக வளரும், அழுத்தம் குறைந்த பக்கத்தில் வேகமாக வளரும். 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவர்கள் ஹ்யூட்டர், ஃபோல்க்மன் பெயரில் வழங்கும் விதி இது. வளைந்த முதுகில் உட்குழிந்த பக்கம் நசுங்குகிறது, அங்கே வளர்ச்சி குறைகிறது, முள்ளெலும்பு ஆப்பு வடிவத்துக்குப் போகிறது, வளைவு இன்னும் கூடுகிறது, நசுங்கலும் கூடுகிறது. உயரம் கிடுகிடுவென ஏறும் மாதங்களில்தான் இந்தச் சுழல் வேகமெடுக்கும். பிரேஸ் உட்குழிந்த பக்கத்தின் சுமையைக் குறைத்துச் சுழலை அடக்கி வைக்கிறது. வளர்ச்சி முடிந்தவருக்கு அதை மாட்டி வளைவு மாறும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

உண்மையிலேயே பலன் உண்டா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே வெகுகாலம் இருந்தது. அமெரிக்கா, கனடாவில் 242 பிள்ளைகளை வைத்து எலும்பு மருத்துவர் ஸ்டூவர்ட் வெயின்ஸ்டீன் குழு நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். போடாதவர்களில் 48 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். போடாமலே கிட்டத்தட்ட பாதிப் பேர் தப்பினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. யார் தப்புவார் என்று முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல முடியாததுதான் சிக்கல்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது பிரேஸுக்குள் வைத்த சின்ன வெப்ப உணரி. உடம்புச் சூடு பட்டால் போட்டிருக்கிறாள், படாவிட்டால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. சொல்லப்பட்டது நாளுக்கு 18 மணி நேரம். சராசரியாக 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைத்தது. 6 மணி நேரத்துக்குள் நின்றவர்களுக்கு, போடாதவர்களைவிட மேலாக எதுவும் கிடைக்கவில்லை.

பதின்மூன்று மணி நேரம் என்று எழுதுவது சுலபம். உள்ளே போடும் பனியனில் ஒரு மடிப்பு விழுந்தால் சாயங்காலத்துக்குள் தோலில் வரிப்பள்ளம். திண்டு பட்ட இடம் சிவப்பது இயல்பு. கழற்றி அரைமணி நேரத்தில் மறைய வேண்டும், மறையாவிட்டால் பிரேஸைச் சரிசெய்யக் கொண்டுபோக வேண்டும். பள்ளியில் தோழி விளையாட்டாக முதுகில் தட்டும்போது "டொக்" என்று கேட்கும் சத்தம்தான் பல பெண்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை.

டாக்டர் ஏன் சிரித்தார்? 30 டிகிரிக்குக் கீழ் வளர்ச்சியை முடித்த வளைவு பெரும்பாலும் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். 50-ஐத் தாண்டிய நெஞ்சுப்பகுதி வளைவோ, வளர்ச்சி நின்ற பிறகும் வருஷத்துக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் ஊர்ந்துகொண்டே போகக்கூடும்.